பழைய ஜீப் என்ஜின் எத்தனை காலம் உழைக்கும்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்ஜினைப் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று சொன்னார்கள். நம்ம பக்கத்தில் அடிக்கடி காதில் விழுகிற ஒரு கேள்வியையே எடுத்துக்கொள்கிறேன். "அண்ணாச்சி, மூணு லட்சம் ஓடின வண்டி ஒண்ணு விலைக்கு வருது. இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும்?" கேட்கிறவர் பொழுதுபோக்காகக் கேட்கவில்லை. வீட்டு நகையை அடகு வைத்து வண்டி வாங்கி, சாரல் காலத்தில் குற்றாலத்துக்கும் கார்த்திகை பிறந்தால் சபரிமலைக்கும் ஓட்டிப் பிழைக்கலாம் என்ற கணக்கோடு கேட்கிறார். அவருக்குப் பொறுப்பாகப் பதில் சொல்ல வேண்டாமா?

குத்துக்கல்வலசையில் ரோட்டோரமாகக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மஹிந்திரா ஜீப், 1994-ல் வந்த டாட்டா சுமோ, 2000-ல் வந்த பொலீரோ, அதே ஆண்டு வந்த டொயோட்டா குவாலிஸ் என்று பழைய வண்டிகள் இன்னும் கண்ணில் படும். குவாலிஸ் உற்பத்தியும் நின்றுவிட்டது, சுமோ உற்பத்தியும் 2019-ல் நின்றுவிட்டது. வண்டிகள் நிற்கவில்லை. நல்லபடியாகப் பார்த்துக்கொண்ட டீசல் என்ஜின், உள்ளே கை வைக்காமலே நாலு, ஐந்து லட்சம் கிலோமீட்டர் ஓடியது உண்டு. ஒன்றரை லட்சத்தில் படுத்துக்கொண்டதும் உண்டு. ஒரே கம்பெனி, ஒரே மாடலிலேயே இந்த வித்தியாசம் வரும்.

காரணம், கிலோமீட்டர் என்பது சக்கரத்தின் கணக்கு. என்ஜினின் கணக்கு மணி நேரம். மூணு லட்சம் கிலோமீட்டரை சராசரி 50 கி.மீ. வேகத்தில் ஓட்டினால் 6,000 மணி நேரம். நிமிஷத்துக்கு 2,000 சுற்று என்று வைத்தால் கிராங்க் சாஃப்ட் 72 கோடி முறை சுற்றியிருக்கும். அதே தூரத்தை டவுனுக்குள்ளும் மலையிலும் சராசரி 20 கி.மீ. வேகத்தில் ஓட்டியிருந்தால் 15,000 மணி நேரம், 180 கோடி சுற்று! மீட்டர் இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். பழைய ஜீப்புகள் பலவற்றில் மீட்டருக்கு ஐந்து இலக்கம்தான். 99,999 தாண்டினால் மறுபடி பூஜ்யம். மீட்டரைத் திருத்துகிற ஆட்களும் உண்டு. ஆகவே மீட்டரை நம்பி விலை பேசாதீர்கள்.

என்ஜின் எங்கே தேய்கிறது? ஓடும்போது பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவே மெல்லிய ஆயில் படலம் இருக்கிறது. அது இருக்கும்வரை இரும்பு இரும்பைத் தொடாது. காலையில் ஸ்டார்ட் பண்ணும் அந்தச் சில விநாடிகளில் படலம் சரியாக உருவாகியிருக்காது. தேய்மானம் அப்போதுதான் அதிகம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே ஐந்தாறு கிலோமீட்டர்தான். வாரம் ஒருமுறை அருவிக்கு மட்டும் போய்வருகிற வீட்டு வண்டி சூடேறுமுன்பே நின்றுவிடும். ஆயிலில் கலந்த ஈரமும் டீசலும் ஆவியாகிப் போக நேரம் கிடைக்காது. நாள் முழுக்க ஓடுகிற வாடகை வண்டி இந்த வகையில் அதிர்ஷ்டசாலி.

அடுத்த எதிரி சூடு. செங்கோட்டை, புளியரை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் ஆள் நிறைய ஏற்றி இரண்டாவது கியரில் போகும்போது ரேடியேட்டர் அடைத்திருந்தால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட்டும் வளையும். குழாய்த் தண்ணீரையும் ஓடைத் தண்ணீரையும் வருஷக்கணக்கில் ஊற்றினால் உள்ளே உப்பு படியத்தான் செய்யும். கூலன்ட்டை அளவாகக் கலந்து ஊற்றுங்கள். சூடாகிறது என்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுகிற வழக்கமும் இருக்கிறது. அப்புறம் என்ஜின் எப்போதும் குளிர்ந்தே ஓடி, டீசலையும் தின்னும், தன்னையும் தின்னும்.

மூன்றாவது, டைமிங் பெல்ட். குவாலிஸ் போன்ற வண்டிகளில் இது ரப்பர். சொன்ன கிலோமீட்டரில் மாற்றாமல் விட்டு ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் இடிக்கும். பெல்ட்டின் விலையைப்போலப் பல மடங்கு செலவு. பெல்ட் மாற்றியதற்கு பில் இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வாங்குமுன் என்ன பார்ப்பது? காலையில், வண்டியை யாரும் ஸ்டார்ட் பண்ணுமுன் போங்கள். பானட்டைத் தொட்டுப் பாருங்கள், குளிர்ந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்ததும் வரும் புகை நீலமாக இருந்து ஓயாவிட்டால் ஆயில் எரிகிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை தொடர்ந்தால் தண்ணீர் உள்ளே போகிறதா, நாசில் கெட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கறுப்பென்றால் ஏர் ஃபில்டர் அடைப்போ, டீசல் கூடுதலோ. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபுவென்று காற்று தள்ளினால், அதாவது மெக்கானிக் பாஷையில் பேக் கம்ப்ரஷன் இருந்தால், ரிங்கும் லைனரும் தேய்ந்துவிட்டன. பிறகு நாலு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்தால் செலவு காத்திருக்கிறது. என்ஜின் வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே விசாரித்து, அதை விலையில் கழித்துப் பேசுங்கள்.

உலகத்தில் அதிகம் ஓடிய வண்டிகளையும் பாருங்கள். அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்பவர் 1966-ல் வாங்கிய வால்வோ காரை 2013-ல் 30 லட்சம் மைல், அதாவது 48 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டிவிட்டார். கிரீஸ் நாட்டில் ஒரு மெர்சிடிஸ் டீசல் டாக்சி 46 லட்சம் கிலோமீட்டர் ஓடி 2004-ல் கம்பெனியின் மியூசியத்துக்குப் போனது. முதல் வண்டியில் என்ஜினை இறக்கி வேலை பார்த்திருக்கிறார்கள். இரண்டாவதில் என்ஜினையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். ரீபோர் செய்து, புது பிஸ்டன் போட்டு, கிராங்கைக் கிரைண்ட் செய்தால் என்ஜினுக்கு மறுபிறவி உண்டு.

ஆனால் துருப்பிடித்த சேசிஸுக்கு அவ்வளவு சுலபமாக மறுபிறவி கிடையாது. நம்ம சாரல் மழை அடியில் என்ன செய்திருக்கிறது என்று வண்டிக்குக் கீழே படுத்துப் பாருங்கள். சொந்த உபயோக வண்டிக்கு 15 ஆண்டு முடிந்தால், தகுதி சோதித்து ஐந்தைந்து ஆண்டாகப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஸ்பேர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். ஏற்றத்தில் என்ஜின் நின்றால் ஓரமாக நிற்கலாம், இறக்கத்தில் பிரேக் போனால் என்ன செய்வது? காசு குறைவென்றால் முதலில் பிரேக்குக்குச் செலவழியுங்கள்.

ஆகவே அந்த அண்ணாச்சிக்கு என் பதில் இது: "எத்தனை ஓடியிருக்குன்னு கேக்காதீங்க. யார் ஓட்டினது, ஆயில் எப்ப மாத்தினது, தண்ணி என்ன ஊத்தினது, பில் இருக்கான்னு கேளுங்க." மெக்கானிக்கல் படிக்கும் தம்பி தங்கைகளே, உங்கள் தெருவில் யாராவது பழைய வண்டி வாங்கப் போனால் கூடப் போங்கள். நீங்கள் செலவிடும் ஒரு காலைப்பொழுது ஒரு வீட்டின் நகையைக் காப்பாற்றும்.