கையெழுத்துக்கு முன் காரணம் கேட்போம்

(சிவாஜிநகரில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ரஸ்ஸல் மார்க்கெட்டில் மூட்டை தூக்கிய தோளோடும், கட்டட வேலை முடித்த களைப்போடும், நாலு வீட்டில் பாத்திரம் துலக்கிய கையோடும் இந்த இரவு நேரத்தில் வந்திருக்கிறீர்கள். உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டோம்.

நாங்கள் வக்கீல்கள் அல்ல. பத்தாவது தேறி, ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலம் தள்ளுகிறவர்கள். ஆனால் கோப்போடு பழகியவனுக்கு ஒன்று தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று அறியாமல் கையெழுத்துப் போடுகிறவன், தன் கழுத்தை அடுத்தவன் கையில் கொடுக்கிறான்.

சில மாதங்களுக்கு முன் நம் பையன் ஒருவனை இரவில் போலீசார் அழைத்துச் சென்றார்கள். தருமபுரிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து ஓராண்டுகூட ஆகாதவன். எந்த நிலையம் என்பது இங்கே வேண்டாம். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் கன்னடத்தில் எழுதிய மூன்று தாள்களில் கையெழுத்துப் போட்டு முடித்திருந்தான். "என்னப்பா எழுதியிருந்தது?" என்று கேட்டோம். "தெரியலீங்கண்ணா. போடச் சொன்னாங்க, போட்டேன்" என்றான். வாசலில் நின்ற அவன் தாய் கேட்டார்: "எதுக்குப் புடிச்சாங்கன்னாவது சொல்லக் கூடாதா?"

அந்தத் தாயின் கேள்விக்குப் பதில் நம் அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. 22ஆவது பிரிவு என்ன சொல்கிறது? கைது செய்யப்பட்டவருக்குக் காரணத்தைக் கூடிய விரைவில் சொல்ல வேண்டும். அவர் விரும்பும் வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். தடுப்புக் காவல் சட்டத்துக்கு விதிகள் வேறு. அங்கேயும் காரணத்தைச் சொல்லியாக வேண்டும்.

சரி, எந்த மொழியில் சொல்ல வேண்டும்? இந்த வழக்கு 1962லேயே உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. மகாராஷ்டிரத்தில் தடுப்புக் காவலில் வைக்கப்பட்ட ஒருவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இந்தியில் கேட்டார். ஆங்கிலம் ஆட்சிமொழி, அது போதும் என்றது அரசு. பம்பாய் உயர்நீதிமன்றமும் அவர் மனுவைத் தள்ளியது. மேல்முறையீட்டில் உச்சநீதிமன்றம் அதை மாற்றியது. அவருக்குப் புரிகிற மொழியில், புரிகிற எழுத்தில் கொடுக்காதது காரணம் சொன்னதாகாது என்று கூறி அவரை விடுவித்தது.

தோழர்களே! எழுதி வைத்த உரிமை தானாக நம்மைக் காப்பாற்றிவிடும் என்று எண்ண வேண்டாம். இதே பெங்களூரு அதற்குச் சாட்சி. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தபோது நாடாளுமன்றக் குழு வேலையாக இங்கே வந்திருந்த வாஜ்பாய், அத்வானி, மது தண்டவதே ஆகியோரைப் பிடித்து மத்தியச் சிறையில் அடைத்தார்கள். இன்று சுதந்திரப் பூங்கா என்று நாம் கூட்டம் போடுகிற இடந்தான் அந்தச் சிறை. அவர்கள் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனுப் போட்டார்கள். அத்தகைய மனுக்களை விசாரிக்கலாம் என்று கர்நாடகம் உட்பட ஒன்பது உயர்நீதிமன்றங்கள் கூறின. அரசு மேல்முறையீடு செய்தது.

1976 ஏப்ரல் 28 அன்று உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகளில் நால்வர், நெருக்கடி நிலையில் அந்த வாசல் மூடப்பட்டது என்று தீர்ப்பளித்தார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர்தான் மறுத்து எழுதினார். அதற்கு விலையும் கொடுத்தார். 1977இல் தலைமை நீதிபதி பதவி அவருக்கு வர வேண்டிய முறையில் அவரைத் தாண்டி இளையவருக்குப் போனது. அவர் பதவி விலகினார். தீர்ப்பு வந்த சில நாட்களில், மே 2 அன்று, நாடகக் கலைஞர் சினேகலதா ரெட்டி கைதானார். ஆஸ்துமா நோயாளியான அவரை மிசாவில் இதே பெங்களூருச் சிறையில் வைத்தார்கள். 1977 ஜனவரியில் பரோலில் வெளியே வந்த ஐந்தாம் நாள் இறந்தார்.

அந்தத் தீர்ப்பைத் தவறு என்று உச்சநீதிமன்றமே அறிவிக்க 41 ஆண்டுகள் ஆயின. 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அதை ரத்து செய்தார்கள். அந்த வழக்கைத் தொடுத்தவர் யார்? கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற கே.எஸ். புட்டசாமி.

பெரிய தலைவர்களுக்கே அந்தக் கதி என்றால் ஏழைக்கு என்ன? வீரப்பன் வேட்டையின்போது மலைக்கிராமத்து ஏழைகள் நூற்றுக்கும் மேற்பட்டோரைத் தடாவில் பிடித்து மைசூர் சிறையில் பல ஆண்டுகள் வைத்தார்கள். 2001இல் தீர்ப்பு வந்தபோது அவர்களில் பெரும்பாலோர் விடுதலையானார்கள். போன வயதை எந்தத் தீர்ப்பு திருப்பித் தரும்?

இப்போது நம் கையில் வலுவான ஓர் ஆயுதம் வந்திருக்கிறது. 2025 நவம்பர் 6 அன்று உச்சநீதிமன்றம், குற்றம் எதுவானாலும் கைதுக்கான காரணத்தை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உடனே எழுதித் தர முடியாத நிலையென்றால் அப்போது வாயால் சொல்லலாம். ஆனால் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துவதற்கு இரண்டு மணி நேரம் முன்பாவது எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இல்லையேல் அந்தக் கைதும் காவலும் சட்டவிரோதம்.

இதைக் கன்னடத்துக்கு எதிரான பேச்சு என்று யாரும் திரிக்க வேண்டாம். கன்னடம் நமக்குச் சோறு போடும் மண்ணின் மொழி. நம் பிள்ளைகள் அதைப் படிக்கட்டும், நாமும் படிப்போம். சென்னையில் பிடிபடும் கன்னடியருக்கும், பெங்களூருவில் பிடிபடும் ஒரிசாத் தொழிலாளிக்கும் இதே உரிமைதான்.

இனி நாம் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று: புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். "தமிழில் சொல்லுங்கள், தமிழில் எழுதிக் கொடுங்கள்" என்று மரியாதையாக, விடாமல் கேளுங்கள். மிரட்டிப் போட வைத்தாலும் பயந்து மறைக்காதீர்கள். மறுநாள் மாஜிஸ்திரேட்டிடம் வாய் திறந்து சொல்லுங்கள்.

இரண்டு: டி.கே. பாசு வழக்கில் 1996இல் வகுத்த விதிப்படி, கைதுக் குறிப்பில் நாளும் நேரமும் இருக்க வேண்டும். வீட்டார் ஒருவரோ அந்த வட்டாரத்து மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும். எங்கே வைத்திருக்கிறார்கள் என்பதை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும். அழைத்துப் போன நேரத்தை வீட்டார் உடனே குறித்து வையுங்கள். 24 மணி நேரக் கணக்கு அங்கேதான் ஆரம்பம்.

மூன்று: பெண்களைச் சூரியன் மறைந்த பிறகு கைது செய்ய விசேஷக் காரணம் வேண்டும், பெண் அதிகாரி வேண்டும், மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதியும் வேண்டும்.

நான்கு: வக்கீலுக்குக் காசில்லை என்று கலங்காதீர்கள். காவலில் இருப்பவருக்கும், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் தர வேண்டும் என்கிறது 1987ஆம் ஆண்டுச் சட்டம். தொலைபேசி எண் 15100. அதைச் சுவரில் எழுதி வையுங்கள்.

அன்று அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல முடியாமல் நாங்கள் தலைகுனிந்து நின்றோம். இனி நம் தெருவில் எந்தத் தாயும் நிலைய வாசலில் தனியாக நிற்கக் கூடாது. நாலு பேர் கூடவே போவோம். சத்தம் போட வேண்டாம். சட்டத்தைச் சொல்லி ஒரே ஒரு கேள்வி கேட்போம்: "காரணம் என்ன? எங்கள் மொழியில் எழுதிக் கொடுங்கள்."