பிறந்த நாளும் திங்களூர் விருந்தும்



இன்று சித்திரைச் சதயம். திருவாமூரில் தோன்றி, 81 ஆண்டு இம்மண்ணில் வாழ்ந்து, உழவாரம் ஏந்திய கையராய்த் தலந்தோறும் நடந்து, திருப்புகலூரில் இறைவன் திருவடி கூடிய நாவுக்கரசர் பெருமானின் குருபூசைத் திருநாள். அடியார்கள் சிவபதம் எய்திய நாளையே நம் திருக்கோயில்கள் பெரிதும் விழாவாகக் கொள்கின்றன. நாம் வழிபடும் பெருமானுக்கோ பிறப்பே இல்லை. அங்ஙனமாயின் சைவர் இல்லத்தில் பிள்ளையின் பிறந்தநாளைக் கொண்டாடலாமோ என்று இவ்வூர்த் தாயார் ஒருவர் சென்ற கிழமை வினவினார். அவ்வினாவின் பின்னே வேறொரு கவலையும் இருந்தது. மகனுக்கு ஐந்தாண்டு நிறைகின்றது, உறவினர் மண்டபம் பேசச் சொல்லுகின்றனர், கையில் பொருளில்லை, விருந்து வைக்காவிடில் பிள்ளையின் முகம் வாடுமே என்பது அக்கவலை. அதனைச் சிறிதென்று தள்ளுதல் பொருந்தாது.

கொண்டாடலாம், கொண்டாடவே வேண்டும் என்பது அடியேன் துணிபு. பிறந்தநாள் விழா மேலைநாட்டார் கொணர்ந்த புதுவழக்கு என்று கூறுவாரும் உளர். தொல்காப்பியனார் புறத்திணையியலில் அரசன் பிறந்தநாட் சிறப்பைப் பெருமங்கலம் என்னும் துறையாகவே வகுத்தருளினார். அந்நாளில் அரசன் தன் சினத்தை நீக்கியிருத்தல் வேண்டும். வெள்ளணி அணிதலும், சிறைப்பட்டோரை விடுவித்தலும், கொலை ஒழிதலும், தானம் செய்தலும் உரையாசிரியர்கள் விரித்துரைப்பன. பிறந்தவன் கை அன்று கொடுக்கும் கையாக இருந்தது என்பதனை உளங்கொள்ளுங்கள். நம் வீடுகளிலோ பிறந்த பிள்ளையை நாற்காலியில் இருத்தி, வருவோர் கொணரும் பொட்டலங்களை எண்ணப் பழக்குகின்றோம். இம்மாற்றம் எப்பொழுது நுழைந்ததோ, சிவனே அறிவான்!

நாளைக் கணக்கிடும் முறையும் நமக்குத் தனியே உண்டு. பிறந்த திங்களில், பிறந்த விண்மீன் கூடும் நாளே பிறந்தநாள். நிலவு விண்மீன் வட்டத்தை ஒருமுறை சுற்றிவர 27 நாளும் ஏறத்தாழ 8 மணி நேரமும் ஆகின்றன. ஆகலின், ஒரே திங்களில் அவ்விண்மீன் இருமுறை வருதலும் உண்டு. பிந்தியதைக் கொள்ளுதல் பெரும்பான்மை வழக்கு. ஓராண்டில் அது 13 முறையேனும் வரும். மண்டபத்திற்கு வழியில்லாத வீட்டிற்கும் கோயிலுக்கு வரப் பதின்மூன்று நாள்கள் இருக்கின்றன. குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்கும்பொழுது, பெற்றோர் முந்திக்கொள்ளாமல், பிள்ளையே வாய்திறந்து சொல்லட்டும். தன் பெயர் இறைவன் திருமுன் ஒலிக்கக் கேட்கும் குழந்தையின் முகத்தைப் பார்த்திருக்கின்றீர்களா?

இனித் திங்களூருக்கு வருவோம். திருவையாற்றை அடுத்த அவ்வூரை இன்று சந்திரனுக்குரிய தலமென்று பலரும் நாடிச் செல்கின்றனர். அங்கே வாழ்ந்த அப்பூதியடிகள் நாவரசரைக் கண்ணாற் காணுமுன்னரே அவர்பால் பேரன்பு பூண்டவர். தம் மக்களுக்கெல்லாம் திருநாவுக்கரசு என்றே பெயரிட்டார். வழிப்போக்கர்க்கு அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்கும் அப்பெயரே. தம் பிள்ளையின் பெயர், பிறர் நீர்வேட்கை தணியுமிடத்தில் ஒலிக்கக் கேட்ட தந்தை அவர்!

அப்பந்தலைக் கண்டு வியந்த நாவரசர் அடிகளாரின் இல்லம் அடைந்தார். அடுப்பில் அமுது ஆயிற்று. வாழைக்குருத்து அரிந்துவருமாறு மூத்த மகனைப் பெற்றோர் ஏவினர். இப்பணி தனக்கு வாய்த்ததே என்று மகிழ்ந்து ஓடிய சிறுவனை அரவம் தீண்டியது. அவனோ, நஞ்சு தலைக்கேறுமுன் இலையைச் சேர்த்துவிட வேண்டுமென்று விரைந்து வந்து, தாய் கையில் கொடுத்துவிட்டு வீழ்ந்தான். அடியார் அமுது செய்தல் தடைப்படுமே என்று பெற்றோர் உடலை மறைத்தனர். உண்மையறிந்த நாவரசர் அவ்வுடலைக் கோயில் முன் கொணர்வித்துப் பதிகம் பாட, மைந்தன் உறங்கி விழித்தாற்போல் எழுந்தான்.

அது அப்பிள்ளையின் இரண்டாம் பிறந்தநாள் அன்றோ? அன்று அவ்வீட்டில் நடந்ததென்ன? உயிர்பெற்ற மகனை நடுவே வைத்து யாரும் விழா எடுக்கவில்லை. அடியாரின் அமுதுக்கு இவனால் இடையூறு நேர்ந்ததே என்று பெற்றோர் வருந்தினர் எனச் சேக்கிழார் பெருமான் காட்டுகின்றார். இக்காலப் பெற்றோர்க்கு இது கடுமையாகத் தோன்றலாம். அந்த உறுதியை நம்மிடம் யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் அதன்பின் நிகழ்ந்தது நமக்கு உரியது. தடைப்பட்ட அவ்விருந்தே நடந்தது. நாவரசர் அமர்ந்தார், அடிகளையும் அவர்தம் மக்களையும் உடன் அமர்த்தி அமுது செய்தார். எந்தப் பிள்ளை இலை கொணர்ந்தானோ, அவனும் அப்பந்தியில் இருந்தான்.

நகையை அடகு வைத்து ஆண்டுநிறைவு விருந்து நடத்திவிட்டு, அப்பிள்ளை பள்ளி சேரும் காலத்திலும் வட்டி கட்டும் குடும்பங்களை நாம் அறிவோம். அவ்விருந்தில் தந்தை வாயிலில் நின்று வரவேற்கின்றார். தாய் ஒளிப்படக்காரர் சொல்லும் பக்கமெல்லாம் திரும்புகின்றார். பிள்ளையோ புத்தாடை உறுத்த அழுது, கேக் வெட்டுமுன்னரே உறங்கிவிடுகின்றது. ஐந்து வயதுக் குழந்தை மண்டபத்தை விரும்புவதில்லை. அன்று முழுவதும் தந்தை தன்னோடு இருத்தலையே விரும்புகின்றது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பலூன் கட்டினார்களே என்று கேட்டால், நாமும் இரண்டு கட்டுவோம். அதனாற் சைவம் கெட்டுவிடாது. அடியேன் பாயசத்திற்கும் பகைவன் அல்லேன். வீட்டிலே பாயசம் வைத்து, பள்ளித்தோழர் இருவரை அழைத்து, அப்பிள்ளையின் கையாலேயே பரிமாறச் செய்யுங்கள். தளும்பிச் சிந்தும்; துடைத்துக்கொள்ளலாம்.

தமிழகத் திருக்கோயில்கள் பலவற்றில் 2002-ஆம் ஆண்டு அன்னதானத் திட்டம் தொடங்கப்பெற்றது. பிறந்தநாளின்பொருட்டு அதற்கு இயன்றதை அளிப்போர் பலர், நன்று. ஒன்று மட்டும் வேண்டிக்கொள்கின்றேன். பிள்ளையின் படத்தைப் பெரிய தட்டியில் எழுதி வாயிலில் கட்டாதீர்கள். ஏழைச் சிறுவரை வரிசையில் நிறுத்தி, நம் பிள்ளை கையால் குறிப்பேடு வாங்கச் செய்து படமெடுக்காதீர்கள். வாங்குபவனும் ஒரு பிள்ளையே. அவனுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. இருவரையும் ஒரே பந்தியில் அருகருகே அமர்த்துங்கள்.

உச்சிக்கால பூசைக்கு மணி அடிக்கின்றது. பூசை முடிந்ததும் மேலைப் பிராகாரத்தில் குருபூசைப் பந்தி தொடங்கும். இலை போடவும் நீர் வார்க்கவும் ஆள் வேண்டும். இங்குள்ள சிறுவர் சிறுமியருள் இந்தச் சித்திரையில் பிறந்தவர் எவரேனும் இருப்பின், முதலில் வந்து தண்ணீர்க் குவளையைப் பெற்றுக்கொள்க.