மீன்கள் நீர்மேல் வந்து வாய் திறந்தால்

(ஊராட்சி உறுப்பினர், உழவர் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஊர்க் குளத்தில் கட்லா, ரோகு, மிர்கால் குஞ்சுகளை விட்டு ஓராண்டுக் காலம் காத்து வளர்க்கிறோம். அந்த உழைப்பின் பயன் ஒரே இரவில் செத்து மிதப்பதும் உண்டு. பெரும்பாலும் அதற்கு முன்னரே மீன்கள் நமக்கு அறிகுறி காட்டிவிடுகின்றன. அதனை அறிவது எங்ஙனம் என்று இன்று காண்போம்.

நீரில் கரைந்துள்ள பிராணவாயுவையே இம்மீன்கள் செவுள்களால் சுவாசிக்கின்றன. பகலில் பாசி கதிரொளியின் துணையால் பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவிலோ பாசியும், மீனும், மட்கும் சாணமும் அதனைச் செலவிடுகின்றன. எனவே விடியலுக்குச் சற்று முன்னர் இருப்பு மிகக் குறைகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருப்பது நலம். 3-க்குக் கீழே இறங்கினால் இடர். கோடை நீரில் வாயு குறைவாகவே கரையும். மேகமூட்டம் நீடித்தால் பாசியின் உற்பத்தியும் குறையும்.

விடியற்காலையில் குளம் முழுவதும் மீன்கள் மேலே வந்து வாய் திறந்து, வெயில் ஏறியதும் கீழே இறங்கினால், அது பிராணவாயுக் குறைவே. பெரிய மீன்களே முதலில் தவிக்கும். மாறாக, நாள் முழுவதும் திணறுதல், கரையில் உடலை உரசுதல், செவுள் வெளுத்தல், அதில் கோழை படிதல் ஆகியவை செவுள் நோயையோ ஒட்டுண்ணிகளையோ காட்டும். விரால், தேளி ஆகியவை மேலே வந்து காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு. அதற்காக அஞ்ச வேண்டுவதில்லை.

வாயுக் குறைவு எனத் தெரிந்தால், தீவனத்தையும் சாணத்தையும் உடனே நிறுத்துவோம். பம்பு கொண்டு குளத்து நீரையே உயரத்திலிருந்து சிதறி விழச் செய்வோம். ஆழ்குழாய்க் கிணற்று நீரிலும் பிராணவாயு குறைவாதலால், அதனையும் அவ்வாறே சிதறவிட வேண்டும். பம்பு இல்லாவிடில் மூங்கிற் கழிகளால் நீரை அடித்துக் கலக்கலாம், அடிச்சேற்றைக் கிளறலாகாது. விற்கத் தக்க மீன்களைப் பிடித்து நெருக்கத்தைக் குறைப்பதும் நன்று.

எதற்கும் சுண்ணாம்பே மருந்து என்று கொட்டுவது தவறு. சாணம் மிகுந்த நீரில் காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் நஞ்சு கூடும். நீரைச் சோதித்த பின்னரே இடுதல் வேண்டும்.

நோய் என்று ஐயுற்றால், உயிருள்ள மீன் ஒன்றை மீன்வளத் துறையினரிடம் காட்டுவோம். ஒட்டுண்ணி என்று அவர்கள் கூறின், லிட்டருக்கு 30 கிராம் உப்புக் கரைத்த நீரில் மீன்களைச் சில நிமிடம் விட்டெடுப்பது வழக்கம். மீன் சாய்ந்தால் உடனே நல்ல நீரில் விட வேண்டும்.

குளத்தைக் குத்தகைக்கு விடும்போதே, விடியற்காலையில் அதனைப் பார்வையிடும் பொறுப்பு யாருடையது என்பதையும் பஞ்சாயத்துத் தீர்மானத்தில் எழுதிவைப்போமாக. மருந்துச் செலவினும் அந்த அரைமணி நேரக் கண்காணிப்பே மீன்களை மிகுதியாகக் காக்கும்.