எதிர்பாராத வட்டி மாற்றமும் அதன் விளைவும்

மத்திய வங்கி வட்டி வீதத்தை உயர்த்தினால் கடன் அருகும், வியாபாரம் தளரும், சிலர் வேலை இழப்பர். இஃது எல்லாரும் அறிந்ததே. ஆயின், எவ்வளவு தளரும், எத்தனை மாதங்களின் பின் தளரும் என்று வினவினால் விடை எளிதன்று.

வைத்தியர் அடிக்கடி செல்லும் வீடுகளிலே நோய் மிகுந்திருக்கக் காணலாம். அதனால் நோயைக் கொணர்ந்தவர் வைத்தியரே என்பார் உண்டோ? மத்திய வங்கியும் பொருளாதாரத்தின் நாடி பார்த்தே வட்டியை மாற்றுகின்றது. மந்தம் வருமென அஞ்சி வட்டியைக் குறைத்தபின் மந்தம் வந்தால், குறைப்பே மந்தத்தை விளைத்ததுபோலத் தோன்றும். ஆகவே, எவரும் எதிர்பாராத மாற்றத்தை மட்டும் பிரித்தெடுத்து அளக்க ஆய்வாளர் முற்பட்டனர்.

எதிர்பார்ப்பை அறிவது எங்ஙனம்? சிக்காகோ சந்தையில் 1988 ஆம் ஆண்டு முதல் ஒருவகை முன்னொப்பந்தம் விலைப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்க வங்கிகள் தம்முள் ஓரிரவுக்குக் கொடுக்கும் கடனின் வட்டி, குறித்த மாதத்திலே சராசரியாக எவ்வளவாகும் என்பதே அதன் பொருள். தவறாகக் கணிப்பவர் கைப்பணத்தை இழப்பர். ஆதலின் அதன் விலை வெறும் வாய்ப்பேச்சன்று. வங்கியின் அறிவித்தலுக்கு முன்னும் பின்னும் அவ்விலையை ஒப்பிட்டால் எதிர்பாராத பகுதி வெளிப்படும்.

கென்னத் குட்னர் 2001 இல் இவ்வழியைக் கையாண்டார். பின்னர் அவரும் பென் பெர்னான்கியும், எதிர்பாராத கால் வீதக் குறைப்புப் பங்கு விலைகளை ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று உயர்த்தியதென 2005 இல் எழுதினர். 2001 சனவரி 3 ஆம் நாள், அமெரிக்க மத்திய வங்கி கூட்டநாளுக்குக் காத்திராமல் வட்டியை 6.5 வீதத்திலிருந்து 6 வீதமாகக் குறைத்தது. அன்றே 500 கம்பனிகளின் பங்குச் சுட்டெண் நூற்றுக்கு 5 அளவில் ஏறியது.

பங்கு விலை நொடியில் துள்ளும். தொழிற்சாலை அவ்வாறு துள்ளாது. கிறிஸ்ரினா றோமர், டேவிட் றோமர் தம்பதியர் வேறு வழி சென்றனர். வங்கி ஊழியர் தயாரித்து, பல ஆண்டுகளின் பின்னரே வெளியான முன்மதிப்பீடுகளை எடுத்து, 1969 முதல் 1996 வரையான வட்டி மாற்றங்களில் அவற்றால் விளங்காத பகுதியைத் தனியாக்கினர். அத்தகைய ஒரு வீத உயர்வு, ஏறத்தாழ இரண்டாண்டிலே கைத்தொழில் உற்பத்தியை நூற்றுக்கு 4.3 குறைத்ததென 2004 இல் கண்டனர். வட்டிதானே என்று அசட்டை செய்வோர் இவ்வெண்ணை நோக்குதல் நன்று.

எனினும் வழக்கு முடிந்தபாடில்லை. எதிர்பாராமல் வட்டி உயர்ந்தபின், தனியார் மதிப்பீட்டாளர் வளர்ச்சி மிகுமென்று கணித்ததை எமி நாகமுராவும் யோன் ஸ்டைன்சனும் 2018 இல் காட்டினர். வங்கி ஏதோ நற்செய்தி அறிந்திருக்கிறது என அவர்கள் எண்ணினர் போலும். அன்று, வங்கியும் மதிப்பீட்டாளரும் முன்னரே வெளியான ஒரே செய்தியைக் கேட்டுத்தான் மாறினர் என்று பவரும் சுவான்சனும் 2023 இல் மறுத்தனர்.