கதவைத் திறந்து வைக்கிறவர்கள்

(ஆதரவாளர் கூடுகையில் எங்கள் வாலிபர் நிலைய ஊழியர் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



இந்த மருத்துவமனையை ஜெபத்தாலும் காணிக்கையாலும் தாங்கி வருகிற உங்களில் பலர் எங்களிடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "நோயாளிகளைப் பார்ப்பதுதானே மருத்துவமனையின் வேலை? வாலிபர் நிலையம் எதற்கு?" நியாயமான கேள்விதான்.

பதில் எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறது. உயிரை மாய்த்துக்கொள்ள முயன்ற பிள்ளைகளை அங்கே கொண்டு வருகிறார்கள். பதினைந்து வயது, பதினாறு வயது. தேவ கிருபையால் பலர் பிழைத்து வீடு திரும்புகிறார்கள். ஆனால் எந்த மனப்பாரத்தோடு வந்தார்களோ, அதே பாரத்தோடுதான் திரும்புகிறார்கள். வேலூர் மாவட்டம் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை 10 முதல் 19 வயதுள்ளவர்களிடையே நிகழ்ந்த மரணங்களை ஆராய்ந்து, 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வெளிவந்தது. அந்த வயதுப் பெண்களில் ஒரு லட்சம் பேருக்கு ஆண்டுக்கு 148 பேரும், ஆண்களில் 58 பேரும் தற்கொலையால் மடிந்தார்கள் என்று அது கண்டது. இதற்கு ஒரே காரணம் என்று எதையும் சொல்ல முடியாது. பரீட்சை, காதல், தகப்பனின் குடி, வீட்டுச் சண்டை எனப் பல சேர்ந்து வருகின்றன. ஆனால் மனம் விட்டுப் பேச ஒருவர் இருந்திருந்தால் என்று நாங்கள் பெருமூச்சு விட்ட நாட்கள் பல.

லூக்கா சுவிசேஷத்தில் பன்னிரண்டு வயது இயேசுவைக் காண்கிறோம். பெற்றோர் ஒருநாள் பிரயாண தூரம் போன பிறகே பிள்ளை தங்களோடு இல்லை என்று அறிந்தார்கள். மூன்று நாளைக்குப் பின் எங்கே கண்டுபிடித்தார்கள்? தேவாலயத்தில், பெரியவர்கள் நடுவில். அவர் கேள்வி கேட்டார், பதிலும் சொன்னார். பிறகு பெற்றோருடன் வீடு திரும்பினார். நம் நிலையம் செய்ய வேண்டியதும் இதுதான். பிள்ளைக்குக் காது கொடுக்க வேண்டும். பின்பு அவனை வீட்டோடு சேர்க்கவும் வேண்டும்.

நிலையம் தினமும் மாலை 5 மணிக்குத் திறக்கிறது. படிக்க ஒரு அறை, ஒரு கேரம் போர்டு, வெளியே வாலிபால் வலை. "ஊழியத்தில் விளையாட்டு எதற்கு?" என்று கேட்கிற மூப்பர்களுக்கு ஒன்று சொல்வோம். கூடைப்பந்து 1891-லும் வாலிபால் 1895-லும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. ஊழியர்கள் உருவாக்கிய விளையாட்டுகள். சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கியதும் அந்தச் சங்கத்தின் வழியாகத்தான். பந்தைத் தேடி வருகிற பையன்தான் ஒருநாள் வாய் திறக்கிறான்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். ஜெப நேரம் உண்டு. அதைப் பெற்றோருக்கு முன்னமே சொல்லிவிடுகிறோம். யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. பெண்பிள்ளைகள் இருக்கும்போது பெண் ஊழியர் ஒருவர் இருந்தே தீர வேண்டும். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு பூட்டிய அறையில் இருக்கக்கூடாது. பாலியல் துன்பம் பற்றித் தெரியவந்தால், 2012-ம் ஆண்டின் போக்சோ சட்டப்படி புகார் கொடுக்கிறோம். குற்றம் சாட்டப்பட்டவர் சபைக்காரராக இருந்தாலும் சரி.

பெற்றோர் கூட்டத்துக்குத் தாய்மார்தான் வருகிறார்கள். தகப்பன்மார் வருவதில்லை. ஆகவே வேலை முடிந்து அவர்கள் வீடு சேரும் நேரத்தில் நாங்களே போகிறோம். சென்ற ஆண்டு பிளஸ் டூ முடிவு வந்த அன்று, தவறிப்போன ஒரு பையன் வீட்டுக்குப் போகப் பயந்து நிலையத்துக்கு வந்தான். எங்கள் ஊழியர் அவனோடு வீடுவரை நடந்தார். சுமை தூக்குகிற தகப்பன் வாசலிலேயே நின்றிருந்தார். "அண்ணே, இன்னைக்கு எதுவும் கேக்க வேண்டாம். முதல்ல அவனோட உக்காந்து சாப்பிடுங்க" என்றார் ஊழியர். தகப்பன் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "உள்ள வாடா" என்றார். மறுநாளே துணைத்தேர்வுக்கு விண்ணப்பம் போட்டார்கள். பையன் தேறி, இன்று ஐ.டி.ஐ.யில் படிக்கிறான்.

அன்பானவர்களே, அன்று அவனைக் காத்தது எங்கள் கட்டடம் அல்ல. அவனுக்குப் பழகிய முகம் ஒன்று அங்கே இருந்தது. 1844-ல் லண்டனில் ஜார்ஜ் வில்லியம்ஸ் என்ற 22 வயதுத் துணிக்கடைப் பணியாளர் தம் நண்பர்களோடு ஒய்.எம்.சி.ஏ.வைத் தொடங்கியபோது அவர்களுக்கென்று கட்டடமே கிடையாது. ஒருவரையொருவர் விசாரிக்கிற வாலிபர்கள் இருந்தார்கள்.

கட்டடத்துக்குக் காணிக்கை கொடுத்தால் கல்வெட்டில் பெயர் வரும். ஊழியரின் மாதச் சம்பளத்துக்குக் கல்வெட்டு இல்லை. ஆனால் ஒரு பிள்ளை மனம் திறக்க மாதக்கணக்கில் ஆகிறது. அதற்குள் ஊழியர் மாறிவிட்டால் அந்தப் பிள்ளை அடுத்தவரிடம் பேசுவதில்லை. எனவே உங்களிடம் கேட்பது இதுதான்: பெருந்தொகை ஒருமுறை தருவதைவிட, சிறுதொகையானாலும் மூன்று ஆண்டுகளுக்கு மாதந்தோறும் தர முன்வாருங்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் வாரம் ஒரு மாலையைத் தாருங்கள். உங்கள் சபையின் அறிவிப்புப் பலகையில் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும், மனநல உதவிக்கான டெலி மானஸ் எண் 14416-ஐயும் எழுதி வையுங்கள். தேர்வு முடிவு வருகிற வாரத்தில் எங்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் விசேஷமாக ஜெபியுங்கள்.

அந்த மாலையில் கதவு திறந்திருக்கவும், உள்ளே ஒருவர் காத்திருக்கவும் கர்த்தர் தாமே உங்களைக் கொண்டு உதவி செய்வாராக. ஆமென்.