"ஒண்ணுமில்லம்மா, லேசான மழைதான்"

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து எழுதி, படிப்பதற்கு ஏற்றபடி சுருக்கப்பட்டது.)

லீவு முடிஞ்சு வளைகுடாவுக்குத் திரும்பிப் போறதைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கேன். முதல் தடவை போறதைப் பத்தி நிறைய பேர் பேசியாச்சு. ஏஜென்ட், மெடிக்கல், விசா, ஏர்போர்ட் வாசல்ல அழுகை, எல்லாம் கேட்டிருப்பீங்க. ஆனா அஞ்சாவது தடவையா லீவு முடிஞ்சு திரும்புறவனை யாரும் ஒண்ணும் கேக்கறதில்லை. அவனுக்குப் பழகியிருக்கும்னு நினைச்சுக்கறாங்க.

எனக்குப் பழகலை. அதுக்குக் காரணம் ஒரே ஒரு வார்த்தைன்னு ரொம்ப லேட்டாதான் புரிஞ்சுது. அதைத்தான் இன்னிக்குச் சொல்லப் போறேன்.

எனக்குச் சொந்த ஊர் திருவண்ணாமலை. பாலிடெக்னிக் முடிச்சுட்டு 2018-ல துபாய் போனேன். ஏசி டக்ட் வரைபடம் போடற வேலை. ஆபீஸ் துபாய்ல, அல் கூஸ் பக்கம். தங்கறது ஷார்ஜா அல் நஹ்தாவுல, ஆறு பேர் சேர்ந்து எடுத்த ஃபிளாட். வாடகை குறைச்சலுக்காக ஷார்ஜால இருந்து தினமும் துபாய்க்கு வண்டியில போயிட்டு வர்ற ஆயிரக்கணக்கான பேர்ல நானும் ஒருத்தன்.

முப்பது கிலோ

2025 ஜனவரி 4, சனிக்கிழமை ராத்திரி. மறுநாள் ஃபிளைட். பொங்கலுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு, ஆனா முப்பது நாள் லீவு முடிஞ்சு போச்சு. அப்பா கையில தொங்கு தராசு. பெட்டி முப்பது கிலோவைத் தாண்டக் கூடாது. அம்மா ஒண்ணொண்ணா வைக்கறாங்க, நான் ஒண்ணொண்ணா எடுக்கறேன். வறுத்த மல்லாட்டை, எள்ளுப் பொடி, மோர் மிளகாய், பருப்புப் பொடி. நடுவுல ஒரு சின்னப் பொட்டலம். பிரிச்சுப் பார்த்தா கசகசா. "அம்மா, இதை அங்க கொண்டு போனா ஜெயில்." "குருமாவுக்குப் போடறதுக்கு எதுக்குடா ஜெயில்?" எமிரேட்ஸ்ல கசகசா தடை செஞ்ச பொருள். இதைக் கேக்கறவங்க யாராவது முதல் தடவையா போறீங்கன்னா, பெட்டியைக் கட்டினது அம்மாவா இருந்தா ஒருமுறை திறந்து பார்த்துடுங்க.

சிரிச்சுக்கிட்டுதான் இருந்தோம். அப்ப வெளியில சடசடன்னு நாலு தூறல் விழுந்துது. ரெண்டு நிமிஷம்கூட இருக்காது. மூணு பேரும் பேச்சை நிறுத்திட்டு ஜன்னல் பக்கம் திரும்பினோம். மலை இருக்கிற பக்கம்.

மழை பெய்யும்போது எங்க வீட்ல இதுக்கு முன்னாடி யாரும் மலையைப் பயந்து பார்த்ததில்லை. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான் அந்தப் பயம் வந்துது.

டிசம்பர் 1

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்துது. கடலோரத்துக்குத்தான் ஆபத்துன்னு நினைச்சோம். ஆனா மறுநாள் திருவண்ணாமலையில கொட்டின மழையில, சாயங்காலம் அண்ணாமலை மலைச்சரிவுல இருந்து மண்ணும் பாறையும் வ.உ.சி. நகர் வீடுகள் மேல சரிஞ்சுது. ஏழு பேர் இறந்தாங்க. அதுல அஞ்சு பேர் குழந்தைங்க. தினமும் பார்க்கிற மலை, 2,668 அடி. அதைச் சாமியா நினைச்சு 14 கிலோமீட்டர் சுத்தி வர்ற ஊரு. அது நம்ம மேல விழும்னு யாரும் யோசிச்சதே இல்லை.

எங்க வீடு அங்கிருந்து பத்து நிமிஷ நடை.

அன்னிக்கு நான் ஷார்ஜா ரூம்ல துணி மடிச்சிட்டு இருந்தேன். லீவுக்கு ஆறே நாள் பாக்கி. போட்டிம்ல அம்மாவைக் கூப்பிட்டேன். அங்க வாட்ஸ்அப் கால் வேலை செய்யாது, அதனால எங்க அம்மா மாதிரி அம்மாக்களோட போன்ல எல்லாம் போட்டிம் இருக்கும். அம்மா எடுத்தாங்க. "ஒண்ணுமில்லப்பா, மழைதான். கரண்ட் இல்ல. வச்சிடறேன், சார்ஜ் போயிடும்." சரின்னு வச்சிட்டேன். ஒரு மணி நேரம் கழிச்சு ஸ்கூல் நண்பர்கள் குரூப்ல வீடியோ வருது. மண்ணு, பாறை, டார்ச் வெளிச்சம், ஆளுங்க கத்தற சத்தம். திரும்பக் கூப்பிட்டா அம்மா போன் அணைஞ்சிருக்கு.

அந்த ராத்திரி அம்மாவும் அப்பாவும் முட்டியளவு தண்ணியில நடந்து தேரடித் தெருவுல சித்தி வீட்டு மாடிக்குப் போயிருக்காங்க. எனக்குத் தெரிஞ்சது மறுநாள் காலையில பத்து மணிக்கு.

அம்மா மேல எவ்வளவு கோவம் வந்துதுன்னு சொல்ல முடியாது. டிசம்பர் 7 ஊருக்கு வந்து இறங்கினதும் முதல் சண்டையே அதுதான். "எதுக்கு ஒண்ணுமில்லன்னு சொன்ன?" அம்மா அடுப்பைப் பார்த்துக்கிட்டே கேட்டாங்க: "ஏப்ரல்ல நீ என்ன சொன்ன?"

ஏப்ரல் 16

அதே 2024, ஏப்ரல் 16. எமிரேட்ஸ்ல 1949-ல இருந்து கணக்கு வச்சிருக்காங்க. அந்த 75 வருஷத்துல இல்லாத மழை அன்னிக்கு. அல் ஐன் பக்கத்துல கத்ம் அல் ஷக்லாங்கிற இடத்துல ஒரு நாளுக்குள்ள 254.8 மில்லிமீட்டர். வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் அவ்வளவு பெய்யாத பாலைவனம் அது. துபாய் விமான நிலையத்துல ஆயிரத்துக்கும் மேல ஃபிளைட் ரத்து. ஷார்ஜாவுல சில பகுதிகள்ல ஒரு வாரமாகியும் தண்ணி வடியலை.

எங்க பில்டிங் கீழ்த்தளத்துல இடுப்பளவு தண்ணி. கரண்ட் போச்சு, லிஃப்ட் போச்சு, மோட்டார் ஓடாததால குழாய்ல தண்ணியும் போச்சு. எட்டாவது மாடியில ஆறு பேரும் ரெண்டு நாள் குப்பூஸும் பிஸ்கட்டும் தின்னோம். கீழ் வீட்டுப் பெரியவர் ஒருத்தரை நாற்காலியில உட்கார வச்சு நாலு பேர் படியில தூக்கிட்டு இறங்கினோம். எனக்குத் தண்ணியில நடந்து காலெல்லாம் புண்ணு, ஒரு வாரம் காய்ச்சல்.

நான் அம்மாகிட்ட சொன்னது: "ஒண்ணுமில்லம்மா, லேசான மழைதான்."

டிவியில எல்லாத்தையும் பார்த்துட்டுத்தான் அவங்க கூப்பிட்டிருக்காங்க. நான் பொய் சொல்றேன்னு தெரிஞ்சே, "சரிப்பா, பார்த்து இரு"ன்னு வச்சிட்டாங்க. அந்த வார்த்தையை நான்தான் அவங்களுக்குக் கத்துக்கொடுத்தேன்.

தீபமும் திரும்பறதும்

அந்த வருஷம் டிசம்பர் 13 மகாதீபம். சரிவு நடந்ததால பக்தர்களை மலையேற விடலை. கொப்பரையும் நெய்யும் திரியும் கொண்டு போறவங்களுக்கு மட்டும்தான் அனுமதி. நாங்க மொட்டை மாடியில நின்னு பார்த்தோம். ஆறு மணிக்கு உச்சியில ஜோதி தெரிஞ்சதும் தெருவே அரோகரா போட்டுது. அம்மா கைகூப்பி நின்னாங்க. கண்ணு மட்டும் உச்சியைப் பார்க்கலை, கொஞ்சம் கீழ, சரிவு விழுந்த பக்கம் இருந்துது.

"வேற ஏரியாவுல வாடகைக்குப் போயிடலாம்"னு சொல்லிப் பார்த்தேன். அப்பா ரிட்டயர்ட் பஸ் கண்டக்டர். பி.எஃப். பணம் போட்டுக் கட்டின வீடு. "நீ முதல்ல பத்திரமா போய்ச் சேரு"ன்னு முடிச்சிட்டாரு.

ஜனவரி 5 கிளம்பினேன். கிளாம்பாக்கம் வரைக்கும் பஸ், அங்கிருந்து ஏர்போர்ட், நாலு மணி நேர ஃபிளைட்.

முதல் வாரம் எப்படி இருக்கும்னு கல்ஃப்ல இருக்கறவங்களுக்குத் தெரியும். ஃபிரிட்ஜுல நம்ம தட்டுல வேற யாரோட மீன் குழம்போ இருக்கும். சமையல் முறைப் பட்டியல்ல நம்ம பேர் முதல் நாளே வந்திருக்கும். ஒன்றரை மணி நேர வித்தியாசத்துல தூக்கம் நாலு மணிக்கே கலைஞ்சிடும். டீ குடிச்சா, மண்டைக்குள்ள ரூபாய்க் கணக்கு மணி அடிக்கும். ஊர்ல இருந்து வந்த முதல் பத்து நாள் எல்லாத்தையும் ரூபாயில மாத்திப் பார்ப்போம், அப்புறம் அது தானா நின்னுடும். ஜனவரியில காலையில பனிமூட்டம் வேற. வண்டியெல்லாம் ஊர்ந்துதான் போகும்.

இதெல்லாம் எப்பவும் இருக்கறதுதான். இந்தத் தடவை புதுசா ஒண்ணு சேர்ந்துது. பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் போன்ல திருவண்ணாமலை வானிலையைப் பார்த்தேன். ஜனவரியில எங்க மழை வரப்போகுது? ஆனாலும் பார்த்தேன். ஒரு வரைபடத்துல அளவு தப்பாப் போட்டு, தகடு வெட்டப் போயிடுச்சு. கடைசி நேரத்துல ஃபோர்மேன் பார்த்துச் சொன்னதால தப்பிச்சேன்.

எங்க ரூம்ல கீழக்கரைக்காரர் ஒருத்தர் இருக்காரு. 26 வருஷமா கல்ஃப்ல இருக்காரு. எல்லாருக்கும் அவர் அண்ணன். அன்னிக்கு ராத்திரி சமையல்கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டே அவர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவர் சொன்னாரு: "நான் வந்த புதுசுல லெட்டர், கேசட்டு. கேசட்டுல பேசிப் பதிவு பண்ணி, ஊருக்குப் போற ஆள் கையில கொடுத்து விடுவோம். வீட்டுக் கவலை பதினஞ்சு நாள் லேட்டா வரும் தம்பி. ஆனா முழுசா வரும். உனக்கு உடனே வருது, பாதிதான் வருது. மீதிப் பாதியை நீயே கற்பனை பண்ணிக்கறே. அதான் தூக்கம் வரலை."

ஒப்பந்தம்

அந்த வெள்ளிக்கிழமை அம்மாவையும் அப்பாவையும் ஒண்ணா உட்கார வச்சுப் பேசினேன். ரொம்பப் பெருசா ஒண்ணும் இல்லை, நாலு விஷயம்தான்.

மழை, உடம்பு, பணம், இந்த மூணைப் பத்தியும் "ஒண்ணுமில்ல"ங்கிற வார்த்தையை ரெண்டு பக்கமும் சொல்லக் கூடாது. சிவப்பு எச்சரிக்கை வந்தா என்னைக் கேக்காமலேயே சித்தி வீட்டு மாடிக்குப் போயிடணும். வீட்டுப் பத்திரம், மாத்திரை, சார்ஜர் எல்லாம் ஒரு பையில ரெடியா இருக்கணும். தினமும் ஊர்க்கணக்குல ராத்திரி ஏழரைக்குப் பேசறது. மத்த நேரத்துல கால் வந்தா அவசரம்னு அர்த்தம், எந்த மீட்டிங்ல இருந்தாலும் எடுப்பேன். நாலாவது, நான் எப்ப மொத்தமா வர்றதுன்னு ஒரு வருஷத்தை முடிவு பண்ணி எழுதி வைக்கிறது.

கடைசி விஷயத்துக்குக் கணக்குப் போடணும். எமிரேட்ஸ் சட்டப்படி வேலையை விட்டு வரும்போது கிராஜுவிட்டி உண்டு. முதல் அஞ்சு வருஷத்துக்கு வருஷத்துக்கு 21 நாள் சம்பளம், அதுக்கு மேல வருஷத்துக்கு 30 நாள். ஆனா அடிப்படைச் சம்பளத்துல மட்டும்தான் கணக்கு. வீட்டுப்படி, போக்குவரத்துப்படி எதுவும் சேராது. அடிப்படை 3,000 திர்ஹாம்னா எட்டு வருஷத்துக்கு 19,500 திர்ஹாம். அன்னிக்கு ரேட்டுக்கு நாலரை லட்ச ரூபாய்ச் சொச்சம். கைக்கு வர்ற மொத்தச் சம்பளத்தை வச்சுக் கணக்குப் போட்டு மனக்கோட்டை கட்டினவங்க எங்க ரூம்லயே ரெண்டு பேர். ஆஃபர் லெட்டர்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி அடிப்படை எவ்வளவுன்னு பாருங்க.

வருஷத்தை எழுதினதும் ஒண்ணு நடந்துது. நான் மெத்தை வாங்கினேன். ஏழு வருஷமா "எப்படியும் போயிடப் போறோம்"னு, முன்னாடி இருந்தவன் விட்டுட்டுப் போன மெத்தையில படுத்திருந்தேன். எப்ப போறோம்னு தெரிஞ்சப்புறம், அதுவரைக்கும் நல்லாத் தூங்கலாமேன்னு தோணுச்சு.

ஒரு ராத்திரி

அடுத்த மழைக்காலம் வந்துது. ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு, ஊர்ல பதினொன்றரைக்கு, கால் வந்துது. வயிறு கலங்கிடுச்சு. அம்மாதான். "மழை ஜாஸ்தியா இருக்குப்பா. எனக்குப் பயமா இருக்கு. சித்தி வீட்டுக்கு வந்துட்டோம். உங்கப்பா ரேடியோவை மறக்காம எடுத்தாரு, மாத்திரைப் பையை விட்டுட்டாரு."

பயமா இருக்குன்னு அம்மா என்கிட்ட சொன்னது அதுதான் முதல் தடவை. நியாயமா எனக்குத் தூக்கம் போயிருக்கணும். ஆனா அவங்க எங்க இருக்காங்க, என்ன இல்லைன்னு முழுசாத் தெரிஞ்சுது. நண்பனைக் கூப்பிட்டு மாத்திரைக்கு ஏற்பாடு பண்ணிட்டுத் தூங்கிட்டேன். காலையில வேலைக்கும் போனேன்.

மறுநாள் அம்மா, "நீ எப்படிப்பா இருக்க?"ன்னாங்க. வாய் வரைக்கும் அந்த வார்த்தை வந்துடுச்சு. முழுங்கிட்டுச் சொன்னேன்: "வேலையில கொஞ்சம் பிரச்னைம்மா. புது ப்ராஜெக்ட் கைவிட்டுப் போச்சு, ஆள் குறைப்பாங்கன்னு பேச்சு."

அம்மா ஒண்ணும் பேசலை. போனை அப்பாகிட்ட கொடுத்துட்டாங்க. வழக்கமா அப்பா "சாப்டியா, சரி"ன்னு ரெண்டு வார்த்தையில முடிப்பாரு. அன்னிக்கு ரேடியோ சத்தத்தைக் குறைக்கறது எனக்குக் கேட்டுது. "என்ன பிரச்னை? முதல்ல இருந்து சொல்லு"ன்னாரு.

நாற்பது நிமிஷம் பேசினோம். வேலை தப்பிச்சுதாங்கிறது வேற கதை, தப்பிச்சுது. உங்க வீட்லயும் கடலுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர் இருந்தா, இன்னிக்குப் பேசும்போது அவர் "ஒண்ணுமில்ல"ன்னு சொன்னா விட்டுடாதீங்க. இன்னொரு தரம் கேளுங்க. அதுக்கு முன்னாடி உங்க பக்கத்து விஷயத்தை முழுசாச் சொல்லிடுங்க.