குழந்தைகளின் கையில் அரசமைப்புச் சட்டம்

(அரசமைப்புச் சட்ட நாளையொட்டி, மும்பையில் மாலைநேரப் படிப்பகங்களை நடத்திவரும் தமிழ்த் தோழர்களிடையே கட்சியின் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. சற்றே சுருக்கப்பட்டது.)



1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபை நமது அரசமைப்புச் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. ஆண்டுதோறும் இந்நாளில் பள்ளிகளில் விழா நடக்கிறது. மகாராஷ்டிரத்தில், பள்ளிகளின் காலைக் கூட்டத்தில் முகவுரையை வாசிக்க வேண்டும் என்ற உத்தரவு 2020 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்தது. வரவேற்கத்தக்க ஏற்பாடுதான். எனினும், அண்மையில் நமது படிப்பகத்தில் நான் கண்ட ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும்.

ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி முகவுரையை மராத்தியில் ஒரு பிழையும் இன்றி ஒப்பித்தாள். “இது என்னம்மா?” என்று கேட்டேன். “பிரார்த்தனை சார்” என்றாள்.

அவளை நான் குறை கூறவில்லை. கைகூப்பிச் சொல்லும் வழிபாட்டுப் பாடலுக்கு அடுத்து இதையும் சொல்லச் செய்தால், குழந்தைக்கு இரண்டும் ஒன்றாகத்தானே தோன்றும்? பிரார்த்தனை என்பது வேண்டுதல். கொடுப்பவர் மேலே இருக்கிறார், கேட்பவர் கீழே நிற்கிறார். முகவுரையோ ஒரு நாட்டு மக்கள் தமக்குத் தாமே அளித்துக்கொண்ட வாக்குறுதி. இந்த வேறுபாடு மறைந்துவிட்டால், மனப்பாடம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் கற்பித்தல் தோற்றுவிட்டது என்றே பொருள்.

‘நாம்’ என்பவர் யார்?

நான் தமிழ் படித்தவன். மொழிபெயர்ப்பைப் பணியாகக் கொண்டவன். ஆகவே சொல்லிலிருந்து தொடங்குகிறேன். முகவுரையில் பேசுபவர்கள் இந்திய மக்கள். ஆங்கிலத்தில் ‘வீ’ என்றாலும் இந்தியில் ‘ஹம்’ என்றாலும், கேட்பவர் அதற்குள் அடங்குகிறாரா இல்லையா என்பது சொல்லளவில் தெரியாது. தமிழில் ‘நாங்கள்’ என்பது கேட்பவரை விலக்கும். ‘நாம்’ என்பது சேர்த்துக்கொள்ளும். இலக்கணம் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்கிறது. மராத்தியிலும் ‘ஆம்ஹீ’, ‘ஆபண்’ என இவ்வேறுபாடு உண்டு. மராத்தி முகவுரை ‘ஆம்ஹீ’ என்று தொடங்குகிறது. உலகை நோக்கிப் பிரகடனம் செய்யும் மக்கள் அவ்வாறு பேசுவது இயல்பே. தமிழ் முகவுரை ‘நாம்’ என்கிறது. வகுப்பறைக்கு இந்தச் சொல் நமக்குக் கிடைத்த நல்வாய்ப்பு.

அம்மாணவியிடம், “இந்த ‘நாம்’ யார் யார்?” என்று கேட்டேன். காந்தி, நேரு, அம்பேத்கர் என்றாள். “நீ?” என்றேன். “நான் சின்னப் பெண் சார்” என்றாள். “அம்மா?” என்றேன். “அம்மா வீட்டு வேலைக்குப் போகிறார்கள் சார்” என்றாள். அதையே விடையாகச் சொன்னாள், தோழர்களே. வீட்டு வேலை செய்யும் தாய் ‘நாம்’ என்பதற்குள் வரமாட்டாள் என்று பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இந்தச் சமூகம் முன்பே கற்பித்துவிட்டது. நமது பாடம் அந்தப் பாடத்தோடு மோத வேண்டியிருக்கிறது.

போராட்டமே முன்னுரை

அரசமைப்புச் சட்டத்தைச் சில பெரியவர்கள் ஓர் அறையில் அமர்ந்து எழுதினார்கள் என்ற அளவில் நிறுத்திவிடக் கூடாது. 1927 மார்ச் 20 அன்று மகாடு நகரின் சவதார் குளத்தில் அம்பேத்கர் தலைமையில் மக்கள் இறங்கி நீர் அருந்தினார்கள். அம்மாநாட்டின் முக்கிய அமைப்பாளர்களில் ஒருவரான ஆர்.பி.மோரே பின்னர் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆவது பிரிவை இந்தக் குளக்கரையிலிருந்து தொடங்கிச் சொல்லுங்கள். குடிநீருக்காகக் குடத்தோடு வரிசையில் நிற்கும் நம் பகுதிக் குழந்தைகளுக்கு அது உடனே விளங்கும். 1938 நவம்பர் 7 அன்று தொழில் தகராறு மசோதாவை எதிர்த்து அம்பேத்கரும் கம்யூனிஸ்டுகளும் இணைந்து வேலைநிறுத்தம் நடத்தியது இதே மும்பையில்தான்.

அதேவேளையில், குறைகளை மறைத்துக் கற்பிப்பதும் நம் வழியன்று. அரசியல் நிர்ணய சபை அனைவருக்குமான வாக்குரிமையால் தேர்ந்தெடுக்கப்பட்டதன்று. கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அதில் இடம்பெற்ற ஒரே உறுப்பினர் சோமநாத் லாஹிரி. அடிப்படை உரிமைகள் பலவும் காவலரின் கண்ணோட்டத்தில் வரையப்பட்டவை போல் உள்ளன என்று 1947 ஏப்ரலில் அவர் விமர்சித்தார். அரசியலில் சமத்துவமும் சமூக, பொருளாதார வாழ்வில் சமத்துவமின்மையும் கொண்ட முரண்பாட்டுக்குள் நாடு நுழையப்போகிறது என்று அம்பேத்கரே 1949 நவம்பர் 25 அன்று எச்சரித்தார்.

இங்கு ஒரு சுயவிமர்சனமும் தேவை. இந்த விமர்சனங்களைச் சரியாக அறிந்திருந்த நாம், நெடுங்காலம் அரசமைப்புச் சட்டத்தைக் குழந்தைகளிடம் கொண்டு செல்வதை நமது வேலையாகக் கருதவில்லை. கூட்டங்களில் அதனை உயர்த்திப் பிடிக்கிறோம். நம் வீட்டுப் பிள்ளைகளோடு அமர்ந்து ஒரு பிரிவையேனும் படித்தவர்கள் நம்மில் எத்தனை பேர்? நான் படித்ததில்லை.

தட்டும் மௌனமும் பள்ளியும்

எதிலிருந்து தொடங்குவது? குழந்தையின் கையிலுள்ள தட்டிலிருந்து தொடங்கலாம். பள்ளியில் கிடைக்கும் கிச்சடி யாருடைய கருணையும் அன்று. அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு வழங்க வேண்டும் என்று 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. உயிர்வாழும் உரிமையைக் கூறும் 21ஆவது பிரிவின் அடிப்படையில் மக்கள் சிவில் உரிமைக் கழகம் தொடுத்த வழக்கு அது.

அடுத்து, மௌனம். 1985இல் கேரளத்தில் மூன்று குழந்தைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தேசிய கீதம் ஒலித்தபோது மரியாதையுடன் எழுந்து நின்றார்கள். தங்கள் மத நம்பிக்கை காரணமாகப் பாட மட்டும் இல்லை. பிஜோ இம்மானுவேல் வழக்கு என்று சட்ட நூல்கள் குறிப்பிடும் அவ்வழக்கில், 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்த்துக்கொள்ள உத்தரவிட்டது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி ஓ.சின்னப்ப ரெட்டி. பெரும்பான்மையோர் செய்வதைச் செய்யாத ஒரு சிறு பிள்ளைக்கும் உரிமை உண்டு என்பதை இதைவிட எளிதாக விளக்க இயலுமா?

மூன்றாவது, அவர்கள் படிக்கும் பள்ளியே. 14 வயது வரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பத்தாண்டுகளுக்குள் அளிக்க அரசு முயல வேண்டும் என்று 1950லேயே வழிகாட்டும் நெறிகளில் எழுதப்பட்டது. 1960 கடந்தது, நிறைவேறவில்லை. 2002இல் 86ஆவது திருத்தம் வழியாகவே அது 6 முதல் 14 வயது வரையிலானோரின் அடிப்படை உரிமையாயிற்று. அதற்கான சட்டம் நடைமுறைக்கு வந்தது 2010 ஏப்ரல் 1 அன்று. எழுதிய எழுத்துத் தானாக நடந்துவிடாது என்பதற்கு இந்த அறுபதாண்டுக் காலமே சான்று.

சொற்கள் மீதான தாக்குதல்

2020இல் பெருந்தொற்றுக் காலச் சுமைக் குறைப்பு என்ற பெயரில், மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் பதினோராம் வகுப்பு அரசியல் அறிவியலிலிருந்து அவ்வாண்டுக்கு நீக்கிய பாடங்கள் எவை? கூட்டாட்சி, குடியுரிமை, தேசியவாதம், மதச்சார்பின்மை. சோசலிசம், மதச்சார்பின்மை ஆகிய சொற்கள் 1976இல், அவசரநிலையின்போது 42ஆவது திருத்தத்தால் முகவுரையில் சேர்க்கப்பட்டவை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவசரநிலையின் தீங்குகளைக் களைவதற்கென 1978இல் கொண்டுவரப்பட்ட 44ஆவது திருத்தமும் அச்சொற்களைத் தொடவில்லை. அவற்றை நீக்கக் கோரிய மனுக்களை 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆயினும் கோரிக்கை ஓயவில்லை. இன்னொரு புறம், அதே 42ஆவது திருத்தம் கொண்டுவந்த அடிப்படைக் கடமைகளை மட்டும் உரத்துச் சொல்லி, உரிமைகளைத் தாழ்ந்த குரலில் சொல்லும் போக்கும் வளர்கிறது.

செய்ய வேண்டியவை

கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ளாட்சி அமைப்புகள் முன்னின்று, பத்து வயதுக்கு மேற்பட்டோர் அனைவரையும் நோக்கி அரசமைப்புக் கல்வி இயக்கம் நடத்தின; 2023 ஜனவரியில் அது முழுமையான அரசமைப்பு எழுத்தறிவு பெற்ற மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. நம்மிடம் அரசு இல்லை, படிப்பகங்கள் இருக்கின்றன. வரும் ஜனவரி 26 முதல் மாதம் ஒரு பிரிவு எனத் தொடங்குவோம். எளிய தமிழில் குறிப்புகளை எழுதித்தரும் பொறுப்பை நான் ஏற்கிறேன். கட்சிக்கு ஆள்சேர்க்கும் வகுப்பாக இதனை ஆக்கிவிடாதீர்கள். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்; நம்மையும் கேட்கட்டும்.

கல்வி உரிமைப் பாடத்தை அந்த மாணவிக்குச் சொன்னபோது அவள் விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “பதினான்கு வயது வரைதான் என்றால், அதற்குப் பிறகு நான் என்ன செய்வது சார்?”

சட்டத்தில் அதற்கு விடை இல்லை என்று உண்மையைச் சொன்னேன். அவள் ஒன்பதாம் வகுப்பில் காலெடுத்து வைக்க இன்னும் இரண்டு ஆண்டுகள்கூட இல்லை, தோழர்களே.